நடுவழி மரத்தின் விதை

பின்லாந்தில் எங்கள் சவோ ஏரிப் பக்கம் பிணத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது, நடுவழியில் ஒரு மரத்தின் கிளைகளைக் கழித்துப் பட்டையில் பெயரைச் செதுக்குவார்கள். செத்தவன் வீடு திரும்பப் பார்த்தால் அந்த மரத்தைத் தாண்ட மாட்டான். கிழட்டு நம்பிக்கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். என் அப்பாவுக்கு நானேதான் செதுக்கினேன்.

ஐலி அக்கா தன் புருஷன் தவ்னோவுக்கு ஒரு பிர்ச் மரத்தில் செதுக்கினாள். ஆறடி ஆள் அவன். கன்னத்தில் விட்ட ஒரே அறையில் அவளுடைய இடது காதைச் செவிடாக்கியவன். ஒரு மரம் சாலையைத்தான் காக்கும், காட்டு வழியாக வந்தால்? அதனால் அதே மரத்தின் விதையை உதிர்த்து வந்து முளைக்கவைத்து, வீட்டைச் சுற்றிப் பதினாறு கன்றுகள் நட்டாள்.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கூரையைத் தொட்டிருக்க வேண்டியவை என் இடுப்புக்கு மேல் வரவில்லை. இலை நரம்புகளில் மஞ்சள் ஓடி, விளிம்பு சுருண்டிருந்தது. வனச் சங்கத்தில் மரம் பார்ப்பது என் வேலை. இலைகளை ஹெல்சிங்கிக்குச் சோதனைக்கு அனுப்பி, ஆகஸ்டில் முடிவோடு போனேன்.

“வைரஸ், அக்கா. மருந்து கிடையாது.”

“எங்கேருந்து வந்துச்சு?”

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

“விதையிலயே வரும். அந்த நடுவழி மரத்துலயும் இதே மஞ்சள்தான். பாத்துட்டுத்தான் வர்றேன்.”

காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அப்போ அவனை நானே மடியில கட்டிக் கொண்டாந்து நட்டிருக்கேன்.”

“அட, இது மரத்து வியாதிக்கா! நாளைக்கே வெட்டிப் போட்டுடறேன்.”

“வெட்டுனா எங்கடி போவான்? நிக்க எடமில்லாம வீட்டுக்குள்ள வருவான்.”

அவள் ஜன்னல் வழியாகக் கன்றுகளைப் பார்த்தாள்.

“இனிமே வளருமா, ரித்வா?”

“வளராது. சாகுற வரைக்கும் இந்த உசரந்தான்.”

“இவ்ளோதானா?” எழுந்து நின்றாள். “அப்போ நாந்தான் உசரம்.”

காரில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கன்று கன்றாக உச்சியில் உள்ளங்கையால் அறைந்துகொண்டே போனாள். முதலில் குழந்தையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. நாலாவது கன்றில் சத்தம் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஏரியில் ஓர் அலை இல்லை, துளிக் காற்றில்லை. அவள் கையை ஓங்கும் முன்பே அடுத்த கன்று குனிந்தது.