அடுக்களை வரைக்கும் சரணாலயம்

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ரெஜினாளின் அடுக்களை சுறாக்களின் சரணாலயத்துக்குள் இருந்தது. கூடம் மட்டும் பழையபடி ஊரில் இருந்தது.

சுறா வாடை எதுவரை வீசுகிறதோ அதுவரை சரணாலயம் என்று உத்தரவு. அந்தக் கடற்கரையில் எவள் பிள்ளை பெற்றாலும், பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு ரெஜினாளின் கையால்தான். முப்பது வருஷ வாடை சுவரில் ஏறிக் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் நெத்திலியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். அவர்கள் தப்பித்தார்கள்.

அடுக்களை வாசலில், இடுப்பு உயரத்தில், மஞ்சள் மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீர் இல்லை. அலை மட்டும் இருந்தது. எல்லை அலுவலர் தணிகைவேல் கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை உள்ளே இறக்கினார்.

"பதினாலு பாகம்," என்று கயிற்றைக் கை விரித்து அளந்து சொன்னார். "நல்ல ஆழம். இதுல எப்படிம்மா சமைச்சீங்க?"

"நின்னுக்கிட்டுதான் சார்."

ரெஜினாளுக்குப் பேச்சு வளர்க்க நேரமில்லை. கூடத்துக் கட்டிலில் மகள் அனிஸ்டா கிடந்தாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். பால் சரியாக ஊறவில்லை. சங்கில் ஊற்றுகிற பாலைப் பிள்ளை கக்கியது. அழுது அழுது தொண்டை கட்டிப்போய், இப்போது கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பலித்த கை, சொந்தப் பேரனிடம் தோற்றுவிடுமோ என்று ரெஜினாளுக்குப் பயமாக இருந்தது.

மஞ்சள் தடவிய பால்சுறா ஒன்று அடுக்களைச் சட்டியில் இருந்தது. இன்னும் வகிரவில்லை. அதை எடுக்க மிதவைக்கு அடியில் குனிந்து போனாள். சட்டி காலி. சுறா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது செத்ததுதான சார்? நாந்தான கழுவுனேன்?"

"சரணாலயத்துக்குள்ள செத்த சுறான்னு ஒரு இனம் பட்டியல்ல இல்லம்மா."

சுறா தன் மேலிருந்த மஞ்சளை முகர்ந்து பார்த்தது.

"மஞ்ச கொஞ்சம் கூடிப்போச்சு யக்கா," என்றது. "யாருக்குப் புட்டு?"

"எம்மவளுக்கு. பால் பத்தல."

"எனக்கும் இது மாசந்தான். காலைலருந்து இடுப்பு வலிக்கி."

இடுப்பு எங்கே என்று அலுவலர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ரெஜினாள் அதன் வயிற்றைப் பார்த்தாள். பால்சுறா குட்டி போடுகிற ஜாதி. அவள் வகிர்ந்த எத்தனையோ வயிறுகளில் குட்டிகள் இருந்தன. குடலோடு சேர்த்துக் காக்கைக்கு வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு புட்டு உதிர்க்கப் போயிருக்கிறாள். அன்றெல்லாம் அது உறுத்தவில்லை. இன்று உறுத்தியது. இன்றைக்குப் பார்த்தா உறுத்த வேண்டும் என்று கோபமும் வந்தது. வெறுங்கையோடு கூடத்துக்குத் திரும்பினாள்.

வாசலில் சம்பந்தியம்மாள் லில்லிபாய் நின்றாள். காலையிலிருந்து நாலாவது தடவை.

"பால் வந்துச்சா மதினி?"

"இன்னும் இல்ல மதினி."

லில்லிபாய்க்குப் பின்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்து அதையே கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டில் இரண்டு விரற்கடை சிறுத்தது. அனிஸ்டா காலை மடக்கிக்கொண்டாள். எல்லாரும் கேட்டு முடித்ததும், பழக்கதோஷத்தில் ரெஜினாளும் கேட்டாள்.

"ஏளா, வந்துச்சா?"

அனிஸ்டா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டில் இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

அடுக்களையில் சுறா முனகியது. அலுவலர் துள்ளி எழுந்து விசில் ஊதினார்.

"குட்டி போடுற நேரம்! ரெண்டு மாசத்துக்கு யாரும் கிட்ட வரக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது. ஒண்ணும் கேக்கக் கூடாது."

வாசலில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்பது நாளில் அந்த வீடு முதல்முறையாக அமைதியாக இருந்தது. அனிஸ்டா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ரெஜினாள் அதைக் கவனித்தாள்.

"சுறாவுக்கு மட்டுந்தானா சார்?"

"கோட்டுக்குள்ள இருக்கிற எந்தத் தாய்க்கும் குட்டிக்கும்."

அவள் கட்டிலைப் பிடித்துத் தள்ளினாள். சிறுத்திருந்ததால் நிலையில் இடிக்காமல் உள்ளே போயிற்று. மிதவைகள் ஒதுங்கி வழிவிட்டன. பதினாலு பாக ஆழத்தின் மேல் கட்டில் மெல்ல ஆடியது. சுறா நகர்ந்து இடம் கொடுத்தது.

அலுவலர் பதறிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இனம்?"

"எம்மவ."

"குட்டி?"

"ஒண்ணு."

"செதில் உண்டா?"

"பிடிவாதம் உண்டு."

எழுதிக்கொண்டார். "சரி, நீங்க வெளிய வாங்க."

"நான் அவ அம்மா சார்."

"அதனாலதாம்மா சொல்றேன்."

ரெஜினாளுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்தாள். கூடத்தில் அடுப்பு மூட்டி, பூண்டு போட்டுக் கஞ்சி வைத்து, கிண்ணத்தை அலையில் மிதக்கவிட்டாள். அது தானாகக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அனிஸ்டா குடித்துவிட்டுத் தூங்கினாள். மத்தியானம் வரை தூங்கினாள். சுறாவுக்கு நாலு குட்டிகள் பிறந்தன. யாரும் குலவை போடவில்லை.

சாயங்காலம் கீச்சொலி நின்றது. ரெஜினாளுக்குப் பகீரென்றது. பிறகு மடக் மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கேள்வி அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

அதற்குள் லில்லிபாய் வந்துவிட்டாள்.

"என்ன மதினி அது சத்தம்? பால் வந்துட்டா?"

ரெஜினாள் இரண்டு கையையும் விரித்து அடுக்களை வாசலை மறித்தாள்.

"சரணாலயம் மதினி. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. திரும்பி ஒரே ஒரு தடவை உள்ளே பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை.