தேய்த்தபோது தெரிந்த முகம்

அக்காவும் தங்கையும் சேர்ந்து சிலை செய்தார்கள். அக்கா கணினியில் உருவத்தை வடிப்பாள். த்ரீடி பிரிண்டர் அதைச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத் துப்பும். மீதி வேலை தங்கையுடையது. வரிவரியாகத் தெரியும் பிரிண்டை உப்புத்தாளால் மழமழவென்று தேய்ப்பாள், சிலிக்கோன் ரப்பரில் அச்செடுப்பாள், ரெசின் என்னும் பிசினில் வெண்கலத் தூளைக் குழைத்து ஊற்றுவாள். இறுகியபின் இரும்பு நாரால் தேய்த்தால் மினுக்கம் வரும். உலை இல்லை, நெருப்பில்லை. ஆனாலும் தட்டிப் பார்க்காதவர்கள் வெண்கலம் என்றே சத்தியம் செய்வார்கள்.

ஓர் ஓட்டலின் முன்கூடத்துக்கு 'காத்திருப்பவள்' என்ற சிலை கேட்டிருந்தார்கள். தலைப்பகுதி பிரிண்டாகி வந்ததும் தங்கை தேய்க்க உட்கார்ந்தாள். இடது புருவத்தில் சின்னதாக ஒரு பள்ளம். பிரிண்டரின் கோளாறு என்று நினைத்து அடைக்கப் போனவள், விரலை அப்படியே நிறுத்தினாள். பிறகு அதே விரலைத் தன் புருவத்துக்குக் கொண்டுபோனாள். சிறுவயதில் ஊஞ்சல் பலகை வெட்டிய தழும்பு. முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீங்கிய இமை, கடித்த உதடு.

தன் கணவன் விட்டுவிட்டுப் போன அன்று அக்காவின் சமையலறையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா கையில் போனோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறாள் என்று தங்கை அப்போது நினைத்திருந்தாள்.

தலையைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரு?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குட்டி, அது வெறும் சிலைடி."

"நான் அழுதப்ப போட்டோ எடுத்தியா?"

"அப்படி ஒரு முகத்தை யாராலயும் கற்பனையில செய்ய முடியாது. எத்தனை நாள் முயற்சி பண்ணேன் தெரியுமா? உன் முகம்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

அக்கா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். "சரி, அழிச்சிடறேன். அழாத," என்று அவள் கண்முன்னாலேயே கணினியிலிருந்த கோப்பை அழித்தாள். தங்கை பிரிண்டைச் சுத்தியலால் சுக்குநூறாக்கினாள். "இனி இப்படிச் செய்ய மாட்டேன்," என்று அக்கா தோளில் கைவைத்தபோது அவள் தட்டிவிடவில்லை. ஓட்டலுக்கு முடியாது என்று சொல்லிவிட்டதாக அக்கா சொன்னதையும் நம்பினாள்.

நான்கு மாதம் கழித்து ரெசின் வாங்கப் போனாள். கடைக்காரர் டப்பாவைக் கட்டிக்கொண்டே, "ஓட்டல்ல உங்க அக்கா செஞ்ச சிலையைப் பாத்தேம்மா. ஆனா அச்சு வேலை உங்க கை மாதிரி இல்லையே, வேற யாருகிட்டயாவது கொடுத்தீங்களா?" என்றார்.

டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு நேரே ஓட்டலுக்குப் போனாள்.

கண்ணாடிக் கதவுக்குள், மஞ்சள் விளக்குக்குக் கீழே அவள் அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தில் இரண்டு காற்றுக் குமிழி, காதோரம் ஒட்டுத் தெரிந்தது. அரைகுறை வேலை. ஆனால் தழும்பு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் சூட்கேஸை சிலையின் பீடத்தில் சாய்த்து வைத்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தங்கை கையை நீட்டினாள்.

"தொடக்கூடாதும்மா," என்று காவலாளி வந்தார். அவளைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பாத்துட்டேன்."

"குட்டி, ஒரு நகல் தனியா இருந்துச்சு. உன்கிட்டச் சொல்லணும்னுதான்…"

"நாளைக்கு வந்து என் சாமானை எடுத்துக்கறேன். அந்த நேரத்துல நீ அங்க இருக்காத."

"கூடப் பிறந்தவகிட்ட இப்படிப் பேசறியே!"

"அதனாலதான் போன் பண்ணிச் சொல்றேன்," என்று துண்டித்தாள். நடக்கத் தொடங்கினாள். அழுகை வந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று நாலாபக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.