கட்டிலில் யார் எந்தப் பக்கம்

பேருந்தின் கதவுதான் அவர்களுக்கு வீட்டு வாசல். காலையில் ரொட்டித் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும் பேருந்தில் அவள் கணவர் இறங்குவார். அதே பேருந்தில் அவள் ஏறி, மருத்துவமனைகளின் விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்துக்குப் போவாள். மாலையில் அவள் இறங்குவாள், அவர் ஏறுவார். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறுகிற அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு சாவி கைமாறும். வீட்டுக்காரர் அறைக்கு ஒரு சாவிதான் கொடுப்பார். அது கடையில் நகல் எடுக்க முடியாத சாவி. இன்னொன்று கேட்டால் தொலைத்துவிட்டு வந்து நிற்பீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கட்டிடத்தில் அவள் கணவரை எல்லோரும் ரொட்டிக்காரர் என்பார்கள். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபப்படவும் நேரம் வேண்டுமே! வார விடுமுறைகூட ஒத்துப்போகவில்லை. அவளுக்கு ஞாயிறு, அன்று பகலெல்லாம் அவர் தூங்க, அவள் பூனைபோல நடப்பாள். அவருக்கு வாரத்தின் நடுவில் ஓர் இரவு விடுமுறை. பழக்கதோஷம், தூக்கம் வராது. அவள் தூங்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூனையாவார். இதற்கிடையில் குடித்தனம் எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நடந்தது. நன்றாகவே நடந்தது.

அப்போதுதான் புது விதி வந்தது. வேலைக்கு வந்தவரின் மனைவியோ கணவனோ அந்த நாட்டில் தங்க வேண்டுமென்றால், இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். முன்பெல்லாம் கல்யாணச் சான்றிதழை நீட்டினால் முத்திரை விழும். யாரோ நாலு பேர் பொய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார்களாம். அதற்காக மெய்யாகப் பண்ணிக்கொண்ட அத்தனை பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகிறார்களாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

கீழ்மாடித் தையல்காரரின் மனைவி ஏதோ ஒரு பதிலை மாற்றிச் சொல்லிவிட்டாள். இப்போது தையல்காரர் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் பாத்திரம் கழுவுகிறார். படியேறும்போதெல்லாம் அந்தக் குழாய்ச் சத்தம் அவள் காதில் விழும். தனக்கு அழைப்பு வந்த அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இங்கே வந்து சேரவே அவள் படாத பாடு பட்டிருந்தாள். இனி அவரை விட்டுவிட்டுத் திரும்பிப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் இல்லை.

இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அவர்கள் போய் நிற்கிற இடம் வக்கீல் அண்ணன். அவர் காய்கறிக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். சட்டம் பேசிப் பேசி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தன் சொந்த மனைவிக்கு விசா வாங்க இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கோட்டை விட்டவர். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். ஆனாலும் அந்தக் கட்டிடத்தில் வேறு யாரிடம் போவது?

"உள்ளதச் சொன்னா என்னண்ணா?" என்று கேட்டாள் அவள்.

"எந்த உள்ளத? பகல்ல அவர் தூங்குறாரு, ராத்திரி நான் தூங்குறேன், நடுவுல பஸ்ஸுல பாத்துக்குறோம்னா? அத லாட்ஜுன்னு எழுதிப்பாங்கம்மா, குடும்பம்னு எழுத மாட்டாங்க."

அவரே பதில்களைக் கட்டிக்கொடுத்தார். ராத்திரி எட்டு மணிக்குச் சேர்ந்து சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடை. கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று கட்டாயம் கேட்பார்கள், தையல்காரரின் மனைவி விழுந்தது அங்கேதான், அதை மட்டும் நன்றாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பண்ணின கல்யாணத்தைக் காப்பாற்றவும் பொய் வேண்டியிருந்தது.

பேசிவைத்துக்கொள்வது எங்கே? பேருந்துக் கதவில்தான். அவர் சாலையில் நின்றுகொண்டு, "கட்டில்ல நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்று கையை ஆட்டுவார். அவள் படியில் நின்றுகொண்டு, "சரி, நான் இந்தப் பக்கம்" என்று கையை ஆட்டுவாள். மொழி புரியாத ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஏதோ வாழ்வா சாவா விஷயம் என்று நினைத்தோ என்னவோ, அந்த வாரம் முழுக்க அவர் கதவைச் சற்றுத் தாமதமாகவே மூடினார். எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்கு ஒருவரின் இந்தப் பக்கம் மற்றவருக்கு அந்தப் பக்கம் என்று இரண்டு புத்திசாலிகளுக்கும் உறைக்கவில்லை.

விசாரணை அன்று அவள் விடுப்பு எடுத்தாள். ரொட்டிக்காரர் இரவு வேலை முடிந்து தூங்காமலே வந்தார். அவள் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்ததும் பேசவிடாமல் இன்னொரு கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, சளி பிடித்த மூக்கோடு. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நரைத்த தலைமுடியை இறுக்கக் கட்டிய பெண்மணி. தமிழ்க்காரி என்பதற்காக ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது. அதிகாரி சொல்வதைத் தமிழிலும், அவள் சொல்வதை அவர்கள் மொழியிலும் மாற்றித் தருவதோடு சரி.

அதிகாரி அறையின் வரைபடத்தை அவள் முன் தள்ளினார். கட்டிலில் தான் படுக்கும் பக்கத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். அடுப்பு இருக்கிற பக்கம் வைத்தாள். அதிகாரி இன்னொரு தாளை எடுத்தார். அதில் அவள் கணவர் அவளைச் சுவர் ஓரத்தில் படுக்க வைத்திருந்தார்.

"இரவுச் சாப்பாடு?"

"எட்டு மணிக்கு. சேர்ந்து சாப்பிடுவோம்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு தாளை எடுத்தார். ரொட்டித் தொழிற்சாலை கொடுத்த வேலைச் சான்று. மாலையில் உள்ளே போகிறவர் விடிந்துதான் வெளியே வருகிறார் என்று அதில் முத்திரையோடு இருந்தது. அதை வாங்கி வந்து கொடுத்ததே ரொட்டிக்காரர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர், பூசணிக்காயைத் தன் கையாலேயே அவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். அவளுக்குக் கீழ்மாடிக் குழாய்ச் சத்தம் கேட்டது. பயம் வர வேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. வக்கீல் அண்ணன் மேல், இந்த விதியின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். தன் வாழ்க்கையைச் சொல்லத் தான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

"எழுதினத எல்லாம் அடிச்சிடச் சொல்லுங்க" என்றாள். "அத்தனையும் பொய்."

மொழிபெயர்ப்பாளர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுப் பேசுங்க. அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க. நாங்க சேர்ந்து சாப்பிடுறதில்ல. சேர்ந்து தூங்குறதில்ல. பூங்கா எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒரு கட்டில், ஒரு சாவி. காலையில பஸ் கதவுல சாவிய நான் குடுப்பேன், சாயங்காலம் அவர் குடுப்பாரு. கட்டில்ல யாருக்கும் பக்கம் கிடையாது. ரெண்டு பேரும் நடுவுலதான் படுப்போம், வேற வேற நேரத்துல. ராத்திரி வேலைய அவருக்கு நான் குடுக்கல, பகல் வேலைய எனக்கு அவர் குடுக்கல. ரெண்டையும் குடுத்தது இந்த ஊருதான். இப்ப நீங்க சேர்ந்து இல்லையேன்னு இதே ஊரு கேட்டா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னார் என்று அவருடைய குரல் ஏறி இறங்கியதிலேயே தெரிந்தது. அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள், நான் எதை நம்புவது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. கணவரை மறுபடி கூப்பிடுகிறேன், நீங்கள் கதவோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. அவரும் தானாக இதையே சொன்னால் பார்க்கலாம் என்றார்.

ரொட்டிக்காரர் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்து, முகம் தொங்கிப்போயிருந்தது. மறுபடி கேட்டால் மறுபடியும் அதே பாடத்தைச் சொல்ல வேண்டும் என்பது வக்கீல் அண்ணனின் கட்டளை.

"ராத்திரி எட்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிடுவோம் சார்."

தொழிற்சாலைச் சான்றைக் காட்டினார்கள்.

"வேலைக்குப் போற நாள்லயும் சேர்ந்துதான் சார் சாப்பிடுவோம்" என்றார், கூசாமல்.

உடும்புப் பிடி. தனக்காகத்தான் இந்தப் பிடி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்து போய் அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது. கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று அதிகாரி மறுபடி கேட்டார். இன்னொரு பொய் விழுந்தால் எல்லாம் முடிந்தது. ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார்.

வாயைத் திறக்காதே என்றார்கள், தலையை ஆட்டாதே என்றார்கள். கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கைப்பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். எழுந்து இரண்டு எட்டு வைத்து, தினமும் காலையில் நீட்டுவதைப் போல அவர் பக்கம் நீட்டினாள்.

ரொட்டிக்காரர் பேச்சை விட்டார். எழுந்தார். ஏறுகிறவருக்கு வழி விடுவதுபோல ஓரமாக ஒதுங்கினார். கை தானாக வந்து சாவியை வாங்கிக்கொண்டது. வாயும் தானாகச் சொன்னது.

"உக்காந்து போ. நின்னுட்டே போகாத, கால் வீங்கிடும்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் நிற்பது பேருந்து நிறுத்தம் இல்லை என்று தெரிந்தது. சாவியோடு அப்படியே நின்றார்.

என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். இந்த அறையில் இதை ஏன் சொன்னார் என்று அதிகாரி திரும்பக் கேட்டார்.

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவில்லை. பார்வையை மட்டும் விலக்கவில்லை.

"தினமும் சொல்றதுதான் சார். காலையில, பஸ் கதவுல. அவளுக்கு நாள் முழுக்க நின்னுட்டே வேலை. பஸ்லயாவது உக்காரட்டும்னு." ஒரு பெருமூச்சு விட்டார். "நாங்க சேர்ந்து சாப்பிடுறதில்ல சார். மன்னிச்சிடுங்க."

"கட்டிலில்?"

"நடுவுல."

"உங்கள் மனைவி?"

"அவளும் நடுவுலதான். காலையில நான் வீட்டுக்குப் போறப்ப படுக்கையில அவ சூடு கொஞ்சம் இருக்கும் சார். சில நாள் வேணும்னே போர்வைய மூடி வெச்சிட்டுப் போவா. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள படுத்துடணும்னு நிறுத்தத்துலேர்ந்து ஓடித்தான் போவேன். ஆறிப்போச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது."

போர்வையை அவள் வேண்டுமென்றேதான் மூடி வைப்பாள். அது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நேரம் இல்லாததுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எனவே அழுதாள்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொன்னார். அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார். ஒரே வீடு என்றுதான் இருந்தது. ஒரே நேரம் என்று எங்கும் இல்லை. முதலில் பொய் சொன்னதைக் கோப்பில் குறிக்கத்தான் செய்வேன் என்று சொல்லிக் குறித்தார். ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அடுத்த வருடமும் கூப்பிடுவோம், அப்போதும் இதே கேள்விகள் இருக்கும் என்றார்.

"வருவோம்னு சொல்லுங்க" என்றாள் அவள். "வருஷா வருஷம் கூப்பிட்டாலும் வருவோம்."

வீட்டுக்கு இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வந்தார்கள். அறைக்குள் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மாலை வேலைக்கு முன் அவர் கொஞ்சம் கண்ணயர வேண்டும். அவளுக்கும் அலுப்பு. இருவரும் படுக்கப் போய், பழக்கத்தில் இருவரும் நடுவுக்கே நகர்ந்து முட்டிக்கொண்டார்கள்.

"தள்ளுங்க ரொட்டிக்காரரே" என்றாள். "இந்தச் சுவர் ஓரம் என் பக்கம். அந்தப் பக்கம் உங்களோடது. இன்னியிலேர்ந்து."

"எதுக்கு இப்ப?"

"அடுத்த வருஷம் கேப்பாங்கல்ல? அப்ப உள்ளதையே சொல்லலாம்."

"நீ இல்லாதப்பவுமா?"

"இல்லாதப்பவும்தான். என் இடத்துல யாரும் வரக் கூடாது. நீங்களும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார். விளையாட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு. அவர் வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். அவள் வழக்கம்போலப் பூனை நடை நடந்து சமைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ எடுக்கத் திரும்பியவள் கட்டிலைப் பார்த்தாள். அது ஒற்றை ஆளுக்குப் போட்ட கட்டில். அதன் ஓரத்தில் அவர் ஒட்டிக்கொண்டு கிடந்தார். ஒரு கையும் ஒரு காலும் வெளியே தொங்கின. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் தரையில்தான் விழுவார். சுவர் ஓரத்துப் பாதி மட்டும் ஒரு சுருக்கமும் இல்லாமல், போர்வை மூடியபடி, காலியாக இருந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். நட்ட நடுப்பகலில், தூக்கமே வராத நேரத்தில், அவரை எழுப்பாமல் கட்டிலில் ஏறித் தன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.