கை அசைக்கும் வேலை

மாலை நாலரைக்கு நான் கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, எல்ல என்கிற மலையூரில் இருக்கும் அந்த ஹொட்டலின் மரத்தளத்தில், இரண்டு டர்ன்டேபிளுக்கு முன்னால் போய் நிற்பேன். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் தூசி ஊதி, ஊசியை மெல்ல இறக்குவேன். பாட்டு கிளம்பும். வெள்ளைக்காரர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். உண்மையில் பாட்டு வருவது சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒபிஸ் அறையிலிருந்து. அங்கே என் மகள் சுதர்ஷினி லெப்டொப்போடு உட்கார்ந்திருப்பாள். நான் ஊசியை இறக்குவதைக் கமராவில் பார்த்துப் பாட்டைத் தட்டிவிடுவாள், தூக்கினால் நிறுத்துவாள். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவளுக்கு நேரம் பிசகியதில்லை. விளம்பரத்தில் இதற்குப் பெயர் 'அசல் இசைத்தட்டு மாலை'.

பழைய காலத்தை நினைத்து மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை நான். நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு என்று பதினைந்து வருடம் தட்டுப் போட்டவன். மூன்று பெட்டித் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மழையில் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம் ஏறிப் பார்த்தால் தெரியும், இசை எவ்வளவு கனம் என்று. பென்டிரைவ் வந்த அன்றைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டாயிரம் பாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி போனேன். அடுத்த சில வருடத்தில் எல்லார் கையிலும் லெப்டொப் வந்துவிட்டது. புவனேந்திரன் என்கிற என்னைக் கூப்பிட ஆளில்லை. பெட்டிகளைத் தேடி லயத்துக்கே வந்தவர் ஹொட்டல் மெனேஜர் முன்ஸிப்தான். வெளிநாட்டுக்காரருக்கு இப்போது மறுபடி தட்டுதான் வேண்டுமாம்.

முதல் வாரம் தட்டைத்தான் பாடவிட்டேன். ஆனால் பலகைத் தளத்தில் நாலு பேர் சேர்ந்து ஆடினால் ஊசி துள்ளிவிடும். என்னிடம் இருந்ததும் தமிழ்ப் பாட்டும் சிங்கள பைலாப் பாட்டும். வந்தவர்கள் கேட்டது அவர்கள் ஊர்ப் பாட்டு. எட்டாம் நாள் முன்ஸிப் டர்ன்டேபிளிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரைக் கழற்றிச் சுருட்டினார்.

"நீங்க கைய மட்டும் அசச்சிக்கிட்டு இருங்க அண்ணன். மத்தத கொம்பியூட்டர் பாத்துக்கும்."

அந்த நேரம் பார்த்து, கொம்பியூட்டருக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று என் மகளின் பெயரைச் சொன்னவன் நான். பதுளையில் கோர்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவள். முன்ஸிப் மறுவார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டார். சொந்தக் கையாலேயே கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டேன். நான் விலகினால் அவள் நாற்காலியும் போகும். விஷயம் வெளியே வந்தாலும் அப்படியே. என் மனைவி கருப்பம்மா கொழுந்து பறிக்கும் மலையில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள், "எங்க வீட்டு ஆளு தட்டு போட்டா வெள்ளக்காரனே ஆடுறான்" என்று. சில நாள் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் அஷ்பாக் தன் தாயைக் காற்று வாங்கக் கூட்டி வந்திருந்தார். பலீலா என்று பெயர். எழுபதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா தேநீரை மேசையிலேயே விட்டுவிட்டு என் பெட்டிப் பக்கம் வந்து, கடையில் சேலை புரட்டுவதுபோல் தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓர் இடத்தில் கை நின்றது. எந்தக் கல்யாண வீட்டில் எவர் தந்த தட்டோ, நான் இரண்டு தரம்கூடப் போட்டிருக்க மாட்டேன்.

"தம்பி, இது எங்கட நானா, கூடப் பொறந்தவரு, பாடினது" என்றார். "கொழும்புக்குப் போய் ஒரேயொரு தட்டுத்தான் பாடினாரு. மௌத்தாகி நாப்பது வருஷம். எங்கட வீட்டுல இருந்தது மண்சரிவுல போச்சி. போட்டோ இரிக்கி, குரல்தான் இல்ல. ஒருக்கா போடுங்களேன்."

"கீறல் விழுந்ததுங்கம்மா" என்றேன். அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு கீறலும் இல்லியே."

முன்ஸிப் சிரித்துக்கொண்டே வந்தார். "போடுங்க அண்ணன், உம்மா ஆசப்பட்டுக் கேக்குறாங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர், என் காதருகே குனிந்தார். "இன்டர்நெட்ல இல்லாத பாட்டா? மகள்ட்ட பேர குடுங்க."

சுதர்ஷினி வந்தாள். தட்டின் நடுவில் இருந்த எழுத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தட்டைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். நாலாம் தரம் துடைக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'எங்கயும் இல்லப்பா' என்று அனுப்பியிருந்தாள்.

அஷ்பாக் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். அந்த அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, ஒரு பெரிய மனிதர் வரப்போவதுபோல் நிமிர்ந்து நின்றார். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா, இதெல்லாம் சும்மா, நீங்க தட்ட வீட்டுக்குக் கொண்டு போங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தும்விட்டேன். ஒபிஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுதர்ஷினி எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஊசியை இறக்கினேன். மற்ற டர்ன்டேபிளுக்காக ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவள் நிறுத்தினாள். தளம் முழுக்க அமைதி. மேசைகளில் பேச்சு அடங்கியது. அப்போதுதான் ஊசி முனையிலிருந்து அது கேட்டது. கொசு பாடுகிற அளவு சத்தம். ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் தட்டு ஊசிக்கு மட்டும் முணுமுணுக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் கேட்கும். பலீலா அம்மா குனிந்தார். கன்னம் தட்டில் படப்போகிற அளவுக்குக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நானாதான்" என்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. பிறகு நிமிர்ந்து, சிறு பிள்ளைபோல் சிரித்தபடி என் கையைத் தொட்டார்.

"சத்தத்த கூட்டுங்க தம்பி. மகனுக்கும் கேக்கட்டும்."

அஷ்பாக் போனோடு இன்னும் கிட்ட வந்தார். மேசைகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு டர்ன்டேபிளுக்கும் நடுவே, வயர் கழன்று கிடந்த மிக்சர் பெட்டியின் பெரிய சத்தக் குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகினேன். அது கடைசிவரை போய் நின்றது. மறுபடி முதலுக்குக் கொண்டுவந்து, இந்தத் தடவை இன்னும் மெதுவாகத் திருகத் தொடங்கினேன்.