புள்ளி விழுந்த செடிகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனுஷன் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, ஊன்றுகோல் டொக் டொக்கென்று தட்ட, நேரே கண்ணாடிக் கூடாரத்துக்குப் போனார். பெண்டாட்டியைவிட பீன்ஸ் செடிதானே முக்கியம், வேறென்ன! ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? ஏணியிலிருந்து அவர் விழுந்த நாளிலிருந்து அத்தனை தொட்டிகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள் அவள்தானே.

"பாருங்க. எந்த இலையிலயாவது ஒரு புள்ளி இருக்கா?"

பெரும்பாலான தொட்டிகள் காலியாக இருந்தன. மிச்சம் இருந்தவை துடைத்து வைத்ததுபோல் பச்சையாக நின்றன.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன வாரமே பழுப்பா புள்ளி வந்துடுச்சு. பிடுங்கி எரிச்சுட்டேன். மத்ததுக்கும் ஒட்டிக்கிட்டா?"

அந்த வீட்டில் அதுதான் சட்டம். புள்ளியைக் கண்டால் பிடுங்கு, பிடுங்கியதை எரி. பீன்ஸ்காரர் வீட்டு நாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர் வந்ததற்கு அவருடைய கெட்டிக்காரத்தனம் பாதி, அவளுடைய ஈவிரக்கமில்லாத கை பாதி.

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். கத்துவார் என்று பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"துரு நோய்ப் பூஞ்சையைத் தண்ணியில கலந்து தெளிச்சதே நான்தான்" என்றார். "எது தாங்குதுன்னு பாக்கறதுக்கு."

துரு தாக்காத ஒரு பீன்ஸுக்காக வருஷக்கணக்காகப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். தெளித்தது மட்டும் தெரியாது.

"தாங்காததைத்தானே பிடுங்கினேன்?"

"இல்லம்மா. தாங்கற செடி, பூஞ்சை வந்து உக்கார்ற இடத்தைத் தானே சாகடிச்சுக்கும். அந்த இடத்துல ஒரு விஷத்தையும் சுரக்கும். பூஞ்சை அதைத் தாண்டி நகர முடியாது. நீ பாத்த புள்ளி அதுதான்."

"அப்போ இதெல்லாம்?"

"இதுங்களுக்கு ஒண்ணும் தெரியல. வந்ததை உள்ள விட்டுடுச்சுங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வெளிய தெரியும்."

அவள் காலித் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "விதை மிச்சம் இருக்கா?"

அவர் தலையசைத்த விதத்திலேயே இல்லையென்று தெரிந்துவிட்டது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். எப்போதுமே அப்படித்தான். செடியோடு பேசுவதில் கால்வாசிகூட அவளோடு பேசமாட்டார். அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரமும், தன்மேல் வந்த ஆத்திரமும் ஒன்றோடொன்று கலந்து, எது எதென்று பிரிக்க முடியாமல் போயிற்று.

அவர் சொன்னபடியே வந்தது. ஒரு காலையில் அவள் இலையைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்கத் துரு கொப்பளித்திருந்தது. விரலில் செம்பொடி ஒட்டியது. அடுத்த செடியிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

கதவருகே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. "விடு. எரிச்சுடலாம்."

"இருங்க" என்றாள்.

மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் தொட்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஒவ்வொரு இலையாக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஒரே ஒரு பழுப்புப் புள்ளியாவது தன் கைக்குத் தப்பியிருக்கிறதா என்று தேடிக்கொண்டே போனாள்.