பின்னால் வந்தவர் நகர வேண்டும்

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் கணினி மாதிரியில் குழாய்க்காரர், மின்சாரக்காரர், தூண் என்ஜினியர் மூவரும் அவரவர் பங்கை வரைவார்கள். எது எதோடு மோதுகிறது என்று தினமும் பட்டியல் எடுத்துப் பஞ்சாயத்து செய்வது என் தலையில் விழுந்த வேலை. சண்டையைக் குறைக்க ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்: பின்னால் வரைந்தவர்தான் நகர வேண்டும்.

திங்கட்கிழமைப் பட்டியலில் ஒரே ஒரு மோதல் இருந்தது. மூன்றாம் மாடித் தூணுக்குள் ஒரு மனித உருவம் உட்கார்ந்திருந்தது.

"இது யார் வேலை?" என்றேன்.

"எனக்குக் குழாய் வரையவே நேரம் இல்ல. இதுல ஆள் வேற வரையணுமா?" என்றார் குழாய்க்காரர்.

மின்சாரக்காரர் அந்த உருவம் வரையப்பட்ட தேதியைத் தேடி எடுத்தார். நாங்கள் இந்த மனையை வாங்குவதற்கும் முந்தைய தேதி அது.

"அப்ப நான்தான் பின்னால வந்தவன்" என்று தூண் என்ஜினியர் தூணை ஓர் அடி தள்ளி வரைந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருவத்தை அழித்துவிட்டு, தூணைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை, அதே கட்டடத்தில் கட்டி முடித்திருந்த தரைத்தள அறையில் நால்வரும் கூடினோம். பட்டியலைத் திரையில் போட்டேன். அதே உருவம், அதே தேதி. இடம் மட்டும் வேறு: தரைத்தள அறை, ஜன்னலோர நாற்காலி.

மூவரும் திரும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க வச்ச விதிதானே" என்றார் தூண் என்ஜினியர், மெதுவாக.

நான் எழுந்துகொண்டேன். நாற்காலியில் அழுந்தியிருந்த மெத்தை மேலெழவில்லை.