விடச் சொல்லும்வரை மிதிக்கவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

என் கணவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. இரண்டே இருக்கை. ஏறி உட்கார உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

வேகத்தை உயிராக நேசித்த ஒரு மனிதர்

(பொய். ஐம்பதைத் தாண்டினால் அவருக்கு வியர்க்கும். துடைத்துப் பளபளப்பாக்கத்தான் அந்தக் காரையே வாங்கினார்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மேகமூட்டத்துடன்

(வானத்தை யார் பார்த்தது? நான் காருக்குள். அவர் சக்கரத்தடியில்.)

என் கால்தான் அவரைக் கொன்றது என்று

இது உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதனால் நிறுத்திவிட்டேன்.

2

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பெடலை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் ஆயில் தள்ளும். சக்கரத்தில் இருக்கும் காலிப்பர் என்ற இரும்புப் பிடி, சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்வும். ஆயிலோடு காற்று கலந்துவிட்டால் பெடல் மெத்தென்று ஆகிவிடும். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாடியே எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

(இதைத் தாம்பத்தியத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

முன் சக்கரக் காலிப்பர் இரண்டையும் அவர் கழற்றி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, சிவப்பு பெயிண்ட் அடித்து மாட்டினார். அன்றைக்குத்தான் பெடல் கெட்டது.

"மிதி."

"மிதிச்சேன்."

"பிடி. ம், விடு."

இரண்டு பாட்டில் ஆயில் தீர்ந்தது. பெடல் அப்படியே இருந்தது.

"நீ கால முன்னாடியே எடுக்கிற."

"நான் எடுக்கல."

"எனக்குத் தெரியாதா?"

"அடியில படுத்துக்கிட்டு என் காலு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா பாக்குறேன்ல."

நான் இறங்கி உள்ளே போய்விட்டேன். நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலை, "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்" என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். நானும் ஃப்ரிட்ஜ் பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் கூப்பிட்டபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. பல்லில் ஒன்றுமே இல்லையாம்.

3

இங்கே ஒரு வில்லி தேவைப்படுகிறார். தேட வேண்டியதில்லை, என் நாத்தனார் இருக்கிறார். அவருடைய அக்கா.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "இவளுக்குப் பெடல் மிதிக்கத் தெரியல. அந்த எரிச்சல்லயே போயிட்டான்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்க முடியுமா என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

(அவரை இன்னும் கெட்டவராக எழுதலாம். ஆனால் இந்தப் பதினான்கு மாதமும் வாரம் தவறாமல் வந்து என்னோடு உட்கார்ந்தவரும் அவர்தான். பாத்திரப் படைப்புக்கு இது பெரிய இடைஞ்சல்.)

தெரிந்துகொள்ளாமல் இனி முடியாது என்று போன வாரம் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். நாத்தனாரும் வந்தார். தீர்ப்பு கேட்க வந்தவர் போல நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

4

மெக்கானிக் பெடலை ஒரு தடவை மிதித்தார். முன் சக்கரங்களைக் கழற்றினார். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"யார் மேடம் மாட்டுனது?"

"என் தம்பி. அவன் கை வச்சா தப்பே வராது" என்றார் நாத்தனார்.

மெக்கானிக் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "ரெண்டும் பக்கம் மாறியிருக்கு. இதோட நிப்பிள் மேல இருக்கணும். மாத்தி மாட்டுனதால கீழ வந்துடுச்சு. காத்து மேலதானே நிக்கும்? கீழ திறந்தா ஆயில்தான் வரும். ஆயுசுக்கும் மிதிச்சாலும் காத்து வராது."



"அப்போ பெயிண்ட் அடிச்சதுலதான் தப்பு" என்றார் நாத்தனார்.

"அடிச்சது உங்க தம்பிதான் அண்ணி."

"பக்கத்துல நின்னு எது எந்தப் பக்கம்னு ஒருத்தி சொல்லியிருக்கணும்ல."

(பகுதி இரண்டில் "நான் எடுக்கல" என்று சொன்னேன். எடுத்தேன். ஒரே ஒரு தடவை. கால் மரத்துப்போயிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லாமல் இத்தனை தூரம் வந்துவிட்டேன்.)

மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு தடவை காலை முன்னாடியே எடுத்திருந்தா?"

"எடுத்தாலும் எடுக்காட்டாலும் இதே பெடல்தான் மேடம்."

பதினான்கு மாதம் கட்டிக் காத்த குற்றம். ஒரு வரியில் செல்லாது என்று சொல்லிவிட்டார். நிம்மதி வர வேண்டும். கோபம்தான் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு சண்டையில் முழுதாக ஜெயித்திருக்கிறேன், தோற்றவர் ஊரில் இல்லை.

"மாத்திடவா?"

"வேண்டாம், அவன் போட்டது போட்டபடி இருக்கட்டும்" என்றார் நாத்தனார். வலது காலிப்பரின் பெயிண்டில் என் கணவரின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. இருவருமே அதைப் பார்த்துவிட்டோம்.

"ரேகை வண்டியை நிறுத்தாது அண்ணி. மாத்துங்க."

5

மெக்கானிக் பக்கம் மாற்றிப் பூட்டினார். நாத்தனார் உடம்பை மூன்றாக மடித்து உள்ளே ஏறி, "இது காரா, தொட்டியா?" என்று கேட்டபடியே மிதித்தார். மூன்று சக்கரத்தில் காற்று எடுத்து முடிந்தது. நான்காவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்பேனரை விட்டுப்போனார்.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்:

(அ) பெடல் கல் மாதிரி ஆகிறது. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (அவரைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். அன்று இறங்கும்போது, "என் தம்பிக்கு இடுப்பு எவ்வளவு வலிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.)

(ஆ) காரை ஓட்டிக்கொண்டு நான் அந்திச் சூரியனை நோக்கி (எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.)

(இ)

இதைக் காலியாக விடுகிறேன். ரேகை இருக்கும் காலிப்பர்தான் மிச்சம். நான் அவர் படுத்த இடத்தில் படுத்திருக்கிறேன். ஸ்பேனர் நிப்பிளில் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.

தலையைக் குனிந்து ஏறுங்கள். நடுவில் இருப்பதுதான் பிரேக். மிதியுங்கள். பிடியுங்கள். திறக்கிறேன்.

கால் மரத்துப்போனால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.